ஆறு பேருக்கு ஓர் அடுப்பு

கடற்கரை விடுதியின் வரவேற்புக் கூடத்தில், பெட்டிகளும் பைகளுமாக ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கே தங்குவது என்பதில் ஐந்து பேருக்கு ஒரே எண்ணம். ஆறாவது ஆளுக்கு மட்டும் வேறோர் எண்ணம்; அதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை.

அந்த ஆறாவது ஆளைக் கேன்டீனக்கா என்றால்தான் ஊரில் தெரியும். குளிர்பதனப் பெட்டிக்குக் கதவு செய்கிற தொழிற்சாலையில் தலைமைச் சமையல்காரி. முந்நூறு பேருக்கு உலை வைத்து, துடுப்பு மாதிரி நீண்ட கரண்டியால் கிளறி, வரிசை நகர நகரத் தட்டு நிரம்புகிறதா என்று பார்க்கிற வேலை. முதல் பேருந்தில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. கணவர் தையற்காரர், முன்னறையிலேயே மெஷின். ஆகவே கல்யாணமான புதிதிலேயே வீட்டு அடுப்பு அவர் கைக்குப் போய்விட்டது.

அவர் அளவு பார்க்கிற மனிதர். துணியை எப்படி வெட்டுவாரோ அப்படித்தான் அரிசியையும் போடுவார். மிச்சமும் விழாது, பற்றாமலும் போகாது. பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தக் கைச் சாப்பாட்டில்தான் வளர்ந்தார்கள். அவர்கள் பிறப்பதற்கு முன்னால், ஒரு விடுமுறை நாளில் அவர் வெளியே போயிருந்த சமயம், கேன்டீனக்கா ஆசைப்பட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். திரும்பி வந்தவர் கண்டது, வீட்டில் இருந்த பாத்திரம் அத்தனையிலும் சோறு. துணி நனைக்கிற புது வாளியிலும் சோறு. அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தும் தீரவில்லை.

“உனக்கு ஒரு கும்பிடு, நீ இந்தப் பக்கமே வராத” என்று சமையலறை வாசலில் கையைக் குறுக்கே நீட்டிச் சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே வருஷங்கள் ஓடி, மகள் வேலைக்குப் போய், இப்போது வேறு ஊருக்கு மாற்றலும் வாங்கிவிட்டாள். இந்தப் பயணம் முடிந்து வீடு திரும்பியதும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பயணத்துக்கு ஏற்பாடு செய்தவளும் மகள்தான். “அம்மா கரண்டியத் தொடக் கூடாது, அப்பாவும் தொடக் கூடாது. உட்கார்ந்த இடத்துல சாப்பாடு” என்பது அவள் போட்ட சட்டம். அதற்கு முதலில் கை தூக்கியவள் கேன்டீனக்காவின் தம்பி மனைவி, பள்ளிக்கூட டீச்சர். இரண்டாவது கை தம்பியுடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். பிள்ளைகளில் இளையவன், கல்லூரிக்குப் போகிற மகன். அவன் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் எதற்குத் தூக்குகிறோம் என்று தெரியாமலே அவனும் தூக்கினான்.

வரவேற்பில் இருந்த பெண் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு பொறுமையாக விளக்கினாள். கோபுரக் கட்டடத்தில் மூன்று அறைகள், மூன்று வேளையும் பொதுக் கூடத்தில் சாப்பாடு. இல்லையென்றால் பின்பக்கம் அடுக்கு வீடுகள். மூன்று படுக்கையறை, கூடம், சமையலறை, சாப்பாடு நம் பாடு. இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்லலாம். எடுத்த பிறகு மனசு மாறினால், நாளை மாலை வரைக்கும் மாற்றித் தருவார்கள்.

“பார்க்கறதுக்கு என்ன இருக்கு, கோபுரம்தான்” என்றாள் மகள்.

“பார்த்துட்டே சொல்வோமே” என்றாள் கேன்டீனக்கா. அதற்குமேல் சொல்ல நாக்கு எழவில்லை. முந்நூறு பேர் இரைச்சலுக்கு மேலே குரல் கொடுக்கிறவள், தன் வீட்டு ஆட்கள் நாலைந்து பேருக்கு முன்னால் குரலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மின்கலத்தில் ஓடுகிற சின்ன வண்டியில் ஏற்றிப் போனார்கள். நீச்சல் குளங்கள், சறுக்கு மரங்கள், குழந்தைகளைத் துரத்திக்கொண்டு ஓடும் அப்பாக்கள், எல்லாவற்றையும் தாண்டிக் கோபுரம். அறை பளிச்சென்று இருந்தது. ஸ்விட்சைத் தட்டினால் திரைச்சீலை தானாக விலகியது. படுக்கை இருந்த வெள்ளையில் உட்காரவே கூச்சமாக இருந்தது. தம்பி ஜன்னலோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தான்.

“கிரேன்ல நான் உட்கார்ற உயரம் இதேதான். லீவு போட்டுட்டு வந்தும் மேலயே ஏத்தி உட்கார வைக்கறீங்க.”

“அங்க நீங்க மட்டும்தான். இங்க நானும் இருக்கேன்ல” என்றாள் டீச்சர்.

“அதான் யோசிக்கறேன்.”

கீழே சாப்பாட்டுக் கூடத்தையும் காட்டினார்கள். நீண்ட மேடைகள், மூடி போட்ட பெரிய பெரிய தட்டங்கள், அவற்றின் பின்னால் தொப்பி போட்ட ஆட்கள். மற்றவர்கள் இனிப்புப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். கேன்டீனக்கா ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. நிறைய இருப்பதுபோல் தெரிய தட்டத்தை முன்னால் சாய்த்துவைத்திருந்தான் பரிமாறுகிறவன். அவளும் பண்டம் பற்றாத நாளில் அதைத்தான் செய்வாள். அவன் முகத்தைப் பார்த்தாள். வரிசை எவ்வளவு நீளம் என்று அவன் கண் அளந்துகொண்டிருந்தது. இவளுக்கும் கண் தானாக வரிசைப் பக்கம் போயிற்று. எத்தனை பேர் வருவார்கள், சோறு காணுமா என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. யாரோ ஒருவருடைய கேன்டீனில் யாரோ ஒருவருடைய கவலையை ஒரு வாரம் சுமக்கப் போகிறோம் என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுக்கு வீட்டுப் பக்கம் அப்படியில்லை. நடைபாதை முழுவதும் ஈரக் கால் தடம். கைப்பிடிச் சுவரில் துண்டுகள், கதவோரம் மணல் ஒட்டின வாளிகள். ஏதோ ஒரு வீட்டில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. வரவேற்புப் பெண் கதவைத் திறந்தாள். கூடம், ஆறு நாற்காலி போட்ட மேசை, கடலைப் பார்த்த முகப்பு மாடம். ஒரு மூலையில், அலமாரியைக் கொஞ்சம் அகலப்படுத்தினதுபோல ஒரு சமையலறை.

கேன்டீனக்கா நேரே அங்கே போனாள். இரண்டே பர்னர். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கின நாலு பாத்திரம். ஆணியில் ஒரு கரண்டி தொங்கிற்று. அதை எடுத்தாள். கைக்குள் அடங்கிவிட்டது, எடையே இல்லை. காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

தையற்காரர் வாசற்படியைத் தாண்டவில்லை. “சரி, பார்த்தாச்சு, போலாம். இந்த அடுப்பைப் பார்த்தாலே எனக்கு முதுகு வலிக்குது.”

“அண்ணா சொல்றதுதான் சரி. ஒரு வாரம் வெங்காயம் உரிக்க மாட்டேன்னு கிளம்பறப்பவே சொல்லிட்டேன்” என்றாள் டீச்சர்.

“வீட்ல மட்டும் நீயா உரிக்கற? நான்தானே உரிக்கறேன்” என்றான் தம்பி.

“அழறதுக்கு உங்களுக்கு வேற சந்தர்ப்பம் ஏது, பாவம்.”

வரவேற்புப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இந்த வீட்டைக் கேட்டு வரவேற்பில் இன்னொரு குடும்பம் காத்திருப்பதாகவும், இப்போதே சொன்னால் நல்லது என்றும் பணிவாகச் சொன்னாள். மகள் வாயைத் திறப்பதற்குள் கேன்டீனக்கா முந்திக்கொண்டாள்.

“எனக்கு இந்த வீடுதான் வேணும்.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தையற்காரர் முகம் தொங்கிவிட்டது.

“நல்லா இருக்கு நியாயம். வருஷம் பூரா நான்தான் அடுப்புல வேகறேன். உனக்குக் கடலைப் பார்த்து உட்காரணும், எனக்கு இங்கயும் கரண்டியா?”

“உங்களை யார் சமைக்கச் சொன்னா? நான் சமைக்கறேன்.”

எல்லார் கண்ணும் அவள் கையிலிருந்த கரண்டிக்குப் போயிற்று. அப்புறம் தம்பி மெதுவாகக் கேட்டான்: “எத்தனை பேருக்குக்கா? இந்த விடுதிக்கு மட்டுமா, பக்கத்து விடுதிக்கும் சேர்த்தா?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மகள் மட்டும் சிரிக்கவில்லை. “அம்மா, நீ ஓய்வெடுக்கணும்னுதானே இவ்வளவும். இங்க வந்தும் சட்டி தூக்கினா நான் எதுக்கு இதைப் பண்ணேன்?”

கேன்டீனக்கா கரண்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “நான் ஊருக்கே சமைச்சுப் போட்டிருக்கேன். உனக்கு ஒரு வேளை சமைச்சுப் போட்டதில்ல. நீ இன்னும் கொஞ்ச நாள்ல வேற ஊருக்குப் போயிடுவ. அப்புறம் எப்படி சமைப்பேன், பார்சல்லயா?”

மகள் துணைக்கு ஆள் தேடினாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். அப்போது யாரும் எதிர்பாராமல் இளையவன் ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினான்.

“நான் காலேஜ் போற பஸ்ல அம்மா ஃபேக்டரி ஆளுங்க ஏறுவாங்க. ‘உங்கம்மா கைப்பக்குவம் யாருக்கும் வராது தம்பி, நீ கொடுத்து வெச்சவன்’னு சொல்வாங்க. நானும் ஆமா ஆமான்னு மண்டைய ஆட்டிட்டு வருவேன். எனக்கு எங்க தெரியும்?”

அதோடு வாதம் முடிந்தது. டீச்சர் பெருமூச்சு விட்டு, “வெங்காயம் மட்டும் என் பக்கம் வரக் கூடாது அண்ணி” என்றாள். வரவேற்புப் பெண் சாவியை மேசைமேல் வைத்தாள். தையற்காரர் தன் நிபந்தனையைச் சொன்னார்: “நான் உள்ள வர மாட்டேன். அது வேகலை, இது தீயுதுன்னு என்னைக் கூப்பிடக் கூடாது.”

“நீங்க வந்தாலும் நான் விட மாட்டேன்” என்றாள் கேன்டீனக்கா, வாசலில் கையைக் குறுக்கே வைத்து.

அன்று மாலை விடுதிக்குள்ளிருந்த கடையில் அரிசியும் காய்களும் வாங்கிவந்து வேலையைத் தொடங்கினாள். பயம் இல்லாமல் இல்லை. சோறு மிஞ்சுவது போகட்டும். அப்பா கைச் சாப்பாட்டில் வளர்ந்த நாக்குகள் அவை. ஊரார் புகழ்ந்தது இங்கே செல்லுமா என்பதுதான் அவள் கவலை.

அரிசியை ஆறு பேருக்கு அளந்து போட்டாள். பாத்திரத்தின் அடியில் அது பூனைக்கு வைத்ததுபோலக் கிடந்தது. இதையா ஆறு பேர் தின்பார்கள் என்று ஒரு பிடி சேர்த்தாள். பிறகும் கண்ணுக்கு நிறையவில்லை. இன்னும் ஒரு பிடி. தம்பி நன்றாகச் சாப்பிடுகிறவன், அவனுக்கு ஒரு பிடி. காய் சூப்பிலும் அதே கதை. வரிசையின் கடைசி ஆளுக்கு இல்லையென்று சொல்லி நிற்கிற காட்சி மனசில் வந்து வந்து போக, கை தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றியது.

சோறு பொங்கி மூடியைத் தள்ளி வழிந்து அடுப்பை அணைத்தது. மேலே அரிசி நறுக்கென்று நின்றது, கீழே குழைந்துபோயிற்று. சூப்பு நாலு பாத்திரத்துக்கும் அடங்காமல் பழம் வைக்கிற கண்ணாடிக் கிண்ணத்துக்கும், பனிக்கட்டி வைக்கிற குடுவைக்கும் போனது. குடித்துப் பார்த்தால் காயைக் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது.

ஆறு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லாரும் நிதானமாகச் சாப்பிட்டார்கள்.

“பரவால்லம்மா. நல்லாத்தான் இருக்கு” என்றாள் மகள்.

“ஆமா அண்ணி. லேசா இருக்கு, வயித்துக்கு நல்லது” என்றாள் டீச்சர்.

இளையவன் கூட இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டான். தையற்காரர் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. கேன்டீனக்காவுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. வீட்டில் தையற்காரர் சமையல் கொஞ்சம் பிசகினால் போதும். “என்னப்பா இது, நூலும் ஊசியும் போட்டு வேக வெச்சீங்களா” என்று மகள் தட்டைத் தள்ளுவாள். விருந்துக்குப் போன வீட்டில்தான் மனிதர்கள் பரவாயில்லை என்பார்கள். தன் பிள்ளைகளுக்கே தான் அந்நிய வீடு ஆகிவிட்டதுபோல இருந்தது.

பாத்திரம் கழுவும்போது மகள் பக்கத்தில் வந்து நின்றாள். “நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் மாத்திக்கலாம்மா. ஆசைக்கு ஒரு வேளை சமைச்சாச்சு இல்ல?”

“நாளைக்கு ஒரு வேளை பார்ப்போம். அதுவும் இந்த லட்சணம்னா நானே பெட்டியத் தூக்கறேன்.”

கூடத்தில் தையற்காரர் தொண்டையைச் செருமினார். உதவிக்கு வரட்டுமா என்பதற்கு அவர் பாஷை அது. “யாரும் வர வேணாம்” என்று உள்ளேயிருந்தே பதில் போயிற்று.

மறுநாள் காலை அவளும் இளையவனும் கரையோரமாக நடந்தார்கள். விடுதியின் வேலி முடிகிற இடத்துக்கு அப்பால் படகுகள் ஒதுங்கியிருந்தன. ஒருவர் ஈரச் சாக்கின்மேல் மீனைப் பரப்பி வைத்திருந்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி.

“எடை போடவா?” என்றார் படகுக்காரர்.

“எடை வேணாம்” என்றவள், மீனைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். கேன்டீனில் மீன் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அதற்குத் தலை உண்டு, வால் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. இங்கே ஒவ்வொன்றும் தனியாகக் கிடந்து இவளைப் பார்த்தது. ஆளுக்கு ஒன்று. அரிசியைத்தான் பிடி பிடியாகச் சேர்க்கலாம். ஒரு மீனை யாரால் இரண்டாக்க முடியும்?

“எங்க வீட்ல ஆறு பேர்” என்றாள்.

தானே பொறுக்கினாள். ஆறும் பைக்குள் போன பிறகு கை ஏழாவதின்மேல் போய் உட்கார்ந்தது. இளையவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை திரும்பி வந்தது.

வழியில் கடையில் ஆளுக்கு ஓர் உருளைக்கிழங்கு, ஆளுக்கு ஒரு தக்காளி, ஆளுக்கு ஒரு ரொட்டி என்று எடுத்தாள். பணம் வாங்குகிற இடத்தில் இளையவன் கூடையைப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, பொம்மைக் கல்யாணமா?” என்றான்.

“பேசாம வா.”

மத்தியானம் சட்டி காய்ந்தது. உப்பும் மிளகும் பூசின மீன் எண்ணெயில் இறங்கியதும் சளசளவென்று சத்தம். தையற்காரர் மாடத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காது மட்டும் அடுப்படியில் இருந்தது.

“திருப்பிப் போடு. சத்தம் மாறுது பாரு” என்றார், தலையைத் திருப்பாமல்.

“நீங்க கடலைப் பாருங்க.”

“கடல் கருகாது.”

“மச்சான், பார்டர் தாண்டாதீங்க” என்றான் தம்பி.

ஆறு தட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு மீன், பக்கத்தில் தோலோடு சுட்ட கிழங்கு, வதக்கின தக்காளி. சட்டி காலி. பாத்திரம் காலி. அடுப்படியில் மிச்சம் என்று ஒரு பருக்கை கிடையாது. கேன்டீனில் வரிசை முடியுமுன் பாத்திரம் இப்படி அடி தெரிந்தால் அவள் அடுத்த உலை வைக்க ஓடுவாள். இப்போதும் பழக்கத்தில் கை அரிசிப் பையைத் தேடிப் போயிற்று. வாசலைப் பார்த்தாள். வரிசை இல்லை. அவளுக்கென்று ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. உட்கார்ந்தாள்.

முதலில் மகள்தான் வாயைத் திறந்தாள். “அம்மா, உப்பு கொஞ்சம் தூக்கல்.”

“கிழங்கு எனக்குச் சின்னதா வந்திருக்கு. இவனுக்கு மட்டும் பெருசு” என்றான் தம்பி, இளையவன் தட்டைக் காட்டி.

“உனக்கு வயிறு பெருசா இருக்கேன்னு ஈடுகட்டியிருக்கா” என்றார் தையற்காரர். மீனைப் பிட்டு வாயில் போட்டு, மென்று, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார். “உப்பு தூக்கல்தான். ஆனா மீன் என் கைக்கு இப்படி வந்ததில்ல.” சொல்லிவிட்டு, வேறொரு தையற்காரர் தைத்ததைப் பார்ப்பதுபோல மீனைப் புரட்டி மறுபக்கத்தையும் பார்த்தார்.

இளையவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. முள்ளை மட்டும் வரிசையாக வைத்துக்கொண்டே போனான்.

கேன்டீனக்கா தன் மீனிலிருந்து ஒரு துண்டு பிட்டாள். விரல் சுட்டது. வாயில் போட்டதும் தோல் நொறுங்கியது. உள்ளே வெள்ளைச் சதை ஆவியோடு பிரிந்தது. அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

“என்னம்மா, முள்ளா?” என்றாள் மகள்.

முள் இல்லை. கேன்டீனில் அவள் சாப்பாடு எல்லாரும் போன பிறகுதான். தட்டு கழுவுகிற சத்தத்துக்கு நடுவில், நின்றபடி, ஆறித் தோல் நைந்துபோன மீனைத்தான் இத்தனை வருஷமும் தின்றிருக்கிறாள். மற்றவர்கள் புகழும்போது, பாவம், பசியில் சொல்கிறார்கள் என்றே நினைத்துக்கொள்வாள். தன் சமையல் சூட்டில் எப்படி இருக்கும் என்பதை அவள் பார்த்ததே இல்லை. அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

“நல்லாத்தான் சமைக்கறேன்” என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

“இந்த உண்மையக் கண்டுபிடிக்க அக்காவுக்குக் கடல் வரைக்கும் வர வேண்டியிருக்கு” என்றான் தம்பி.

டீச்சருக்குப் புரையேறிவிட்டது. தம்பி அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே கூடத்துத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. வரவேற்பிலிருந்துதான் இருக்கும், அறை மாற்ற வேண்டுமா என்று கேட்க. எல்லார் கையும் எண்ணெய். எல்லாரும் மகளைப் பார்த்தார்கள். அவள் ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அடிக்கட்டும். அம்மா, நாளைக்கு உப்பக் கம்மி பண்ணு.”

தொலைபேசி அடித்து ஓய்ந்தது. கேன்டீனக்கா அடுத்த துண்டைப் பிட்டு, ஊதாமல், சூட்டோடு வாயில் போட்டுக்கொண்டாள்.